பெரலைச் சுற்றினால் எரு வருமா? மலைநாட்டு வீட்டுத்தோட்டத்துக்கு ஒரு கூட்டெரு விளக்கம்

எங்கள் வீட்டுக் கோடிப்பக்கத்தில் இரும்புக் கால்களின் மேல் ஒரு நீலப் பெரல் படுத்த வாக்கில் இருக்கிறது. நடுவில் ஒரு குழாய், வயிற்றில் ஒரு கதவு, தள்ளினால் உருளும். இலங்கை மலைநாட்டில், டிக்கோயாவில் நாங்கள் இருக்கும் பக்கம் இது கொஞ்சம் புதிது. பார்ப்பவர்கள் நின்று விசாரித்துவிட்டுத்தான் போவார்கள். பக்கத்து வீட்டு அக்கா ஒருநாள் கேட்டார்: "தம்பி, இத எத்தன தரம் சுத்துனா எரு வரும்?"

நல்ல கேள்வி. இந்தப் பெரல்களை விற்பவர்களும் ஏறக்குறைய இப்படித்தான் பேசுகிறார்கள்: தினமும் சுற்றுங்கள், இரண்டு வாரத்தில் பசளை. நான் வாங்கியபோதும் அதையே சொன்னார்கள். இரண்டு வாரம் கழித்துக் கதவைத் திறந்தேன். உள்ளே புளித்த கோவா இலையும் சேறும்தான் இருந்தன. பெரலில் பிழை இல்லை. எரு எப்படி உண்டாகிறது என்பதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான். அக்காவுக்கு அன்று சொன்ன பதிலைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

சுற்றுவதால் எரு வராது. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் குப்பையைத் தின்று செரிப்பதால் வருகிறது. நாம் சுற்றுவது அந்த உயிர்கள் மூச்சுவிடக் காற்றுக் கொடுக்கும் வேலை. அவற்றுக்குச் சரியான சாப்பாடும் அளவான ஈரமும் இல்லாவிட்டால், விடிய விடியச் சுற்றினாலும் குப்பை குப்பையாகத்தான் இருக்கும். இது மனதில் பதிந்தால் எந்தப் பெரலை வாங்குவது, எதைப் போடுவது, எப்போது நிறுத்துவது எல்லாவற்றுக்கும் பதில் இதிலிருந்தே கிடைக்கும்.

குழி இருக்கும்போது பெரல் எதற்கு?

தாராளமாக இடமும், தண்ணீர் நிற்காத நிலமும், மாட்டுப்பட்டியும் உள்ளவருக்குப் பெரல் தேவையே இல்லை. அவர் குவியலாகவே போடலாம், அதுதான் சிறந்ததும்கூட. நம்மில் பலருக்கு அந்த வசதி இல்லை.

மே கடைசியில் தென்மேற்குப் பருவமழை பிடித்தால் வட்டவளை, கினிகத்தேனை, ஹட்டன் பக்கம் செப்டெம்பர் வரை நனையாத நாள் குறைவு. வெட்டிய குழி தொட்டியாகிவிடும். தண்ணீர் தேங்கிய குப்பைக்குள் காற்றுப் போகாது. காற்றில்லாத குப்பை அழுகி நாறுமே தவிர எருவாகாது. குழியே வேண்டாம் என்று மேலே குவித்தால், மேட்டிலிருந்து இறங்கும் தண்ணீர் அதிலுள்ள சத்தைக் கரைத்துக் கானுக்குள் கொண்டுபோய்விடும்.

இடமும் குறைவு. புதிய தோட்ட வீட்டுத் திட்டங்களில் ஒரு குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ் என்று கொடுத்தார்கள். அது ஏறக்குறைய 177 சதுர மீட்டர். வீடும் படிக்கட்டும் மண்சரிவைத் தாங்கும் கல்லணையும் போக மிஞ்சுவதில்தான் லீக்ஸும் போஞ்சியும் ரோசாவும் நிற்க வேண்டும். வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகளில் இருப்பவர்களுக்கு அதுவும் இல்லை. அங்கே குப்பையைக் குவித்தால் அது அடுத்த வீட்டுக் குசினிக்கு நேரே இருக்கும்.

அப்புறம் மிருகங்கள். நாய் கிளறும், காட்டுப்பன்றி இரவோடு இரவாகப் புரட்டிப்போடும், எலி உள்ளேயே குடியிருக்கும். எலி இருக்கும் இடத்தில் எலிக்காய்ச்சல் பயமும் இருக்கிறது. தேயிலை மலையை ஒட்டிய வீடுகளில் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். சாப்பாட்டுக் குப்பைக்கு நாய்கள் கூடும், நாயைத் தேடிச் சிறுத்தை இறங்கும். நிலத்தில் படாமல், கதவு பூட்டி, மழை படாமல் இருக்கும் பெரல் இந்தத் தொல்லைகளில் பெரும்பாலானவற்றை ஒரேயடியாகத் தீர்க்கிறது. எனக்கு அது பெறுமதியாகத் தெரிவது இதனால்தான். வேகமாகப் பசளை தரும் என்பதற்காக மட்டும் வாங்குவதானால் யோசித்து வாங்குங்கள்.

உள்ளே நடப்பது

நுண்ணுயிர்களுக்கு இரண்டு விதமான சாப்பாடு வேண்டும். காபன் அதிகமுள்ளது ஒன்று, நைதரசன் அதிகமுள்ளது இன்னொன்று. இதை நான் சோறும் கறியும் என்று சொல்வேன். காபன் சோறு மாதிரி: தெம்பு தருவது, நிறைய வேண்டும். நைதரசன் கறி மாதிரி: உடம்பு வளர வேண்டியது, அளவாகப் போதும். ஒரு பங்கு நைதரசனுக்கு 25 முதல் 30 பங்கு வரை காபன் இருந்தால் அவை நன்றாக வேலை செய்யும்.

இதைக் கணக்குப் போட்டு நிறுக்க வேண்டியதில்லை. காய்ந்து, மண்ணிறமாக, கையில் எடுத்தால் சரசரவென்று இருப்பது சோறு: சருகு, வைக்கோல், கிழித்த காட்போட் பெட்டி, முட்டைத் தட்டு, மரத்தூள், தும்புத்தூள். ஈரமாக, பசுமையாக, விட்டால் நாறுவது கறி: மரக்கறிக் கழிவு, பழத்தோல், பச்சைப் புல், சாணி, கோழி எரு. வாளிக் கணக்கில் சொன்னால், ஒரு வாளி பச்சைக்கு இரண்டு அல்லது மூன்று வாளி காய்ந்தது. நான் முதல் தடவை போட்டது ஏறக்குறைய முழுதும் கறி. அதனால்தான் அது புளித்தது.

நம் பக்கத்தில் காய்ந்தது என்று எதை எடுப்பது என்பதில் கொஞ்சம் கவனம் வேண்டும். தேயிலைக்கு நடுவே நிழலுக்கு நிற்கும் சவுக்கு மரத்தின் சருகு எங்கும் கிடக்கிறது. ஆனால் அது விறைப்பானது, உக்க நாள் எடுக்கும். காலால் மிதித்து நொறுக்கி, ஒருநாள் தண்ணீரில் ஊறவைத்துப் போட்டால் பரவாயில்லை. பண்டாரவளைப் பக்கத்துப் பைனஸ் ஊசியிலைக்கும் இதே கதைதான், அதன் மேலே மெழுகு மாதிரி ஒரு பூச்சு உண்டு. யூக்கலிப்டஸ் சருகைக் கொஞ்சமாகப் போடுங்கள். தேயிலையைக் கவ்வாத்து வெட்டும்போது விழும் குச்சிகளை, அதாவது மிலாறை, அப்படியே பெரலுக்குள் தள்ள வேண்டாம். அது உக்க வருடக் கணக்காகும், நடுக் குழாயிலும் மாட்டிக்கொள்ளும். மிலாறு அடுப்புக்கு, அதில் உதிரும் இலை பெரலுக்கு. மர ஆலையில் கிடைக்கும் தூளில் நைதரசன் ஒன்றுக்குக் காபன் 300 பங்குக்கும் மேல் இருக்கும். அதனால் மரத்தூளைத் தனிச் சோறாகக் கொடுக்காமல், அதிகம் நனைந்துபோன பெரலைச் சரிசெய்யக் கைப்பிடிக் கணக்கில் பயன்படுத்துங்கள். மருந்து ஏற்றிய பலகையின் தூள் வேண்டாம்.

பச்சை வகையில் நமக்குக் குறையே இல்லை. ஒரு நாளைக்கு நாலைந்து தடவை தேத்தண்ணி போடும் வீடுகளில் வடிகட்டியில் மிஞ்சும் தேயிலைச் சக்கையே ஒரு நல்ல உணவு. நைதரசனும் உண்டு, பொடியாக இருப்பதால் சீக்கிரம் உக்கும். தேயிலைப் பையைப் போடுவதானால் கிழித்துச் சக்கையை மட்டும் போடுங்கள், பல பைகளில் பிளாஸ்டிக் இழை கலந்திருக்கிறது. ரோட்டோரம் மஞ்சளாகப் பூத்து நிற்கும் காட்டுச் சூரியகாந்தியின் இலை அருமையான பொருள். வெட்ட வெட்டத் துளிர்க்கும், சத்தும் நிறைய உண்டு. பால் பிழிந்த தேங்காய்ச் சக்கை எல்லா வீட்டிலும் தினமும் மிஞ்சும். அதில் எண்ணெய்ப் பசை இருப்பதால் ஒரே இடத்தில் கொட்டினால் கட்டியாகி மணக்கும். சருகோடு பிசைந்து தூவுங்கள். கோழி எரு மிகவும் காரமான கறி. ஒரு பெரலுக்குச் சின்ன வாளி ஒன்று தாண்ட வேண்டாம்.

விறகுச் சாம்பல் ஒரு கைப்பிடி போடலாம், பொட்டாசியம் உண்டு. ஆனால் டொலமைட் என்ற சுண்ணாம்பு வகைக் கல்தூளைப் பெரலுக்குள் போடாதீர்கள். நம் மண் புளித்த மண், அதற்கு டொலமைட் நல்லதுதான். அதை மண்ணிலேயே தனியாகப் போடுங்கள். எரு உண்டாகும் நேரத்தில் பெரலுக்குள் சேர்த்தால் நைதரசன் அமோனியாவாக ஆவியாகிவிடும். அந்த நெடி மூக்கில் ஏறும்போது நீங்கள் சேர்த்த சத்து காற்றில் போகிறது என்று அர்த்தம்.

மீன் தலை, கருவாட்டுக் கழிவு, இறைச்சி, எண்ணெய், நாய் பூனைக் கழிவு, களைகொல்லி அடித்த புல் எதுவும் வேண்டாம். நோய் பிடித்த செடியும் வேண்டாம். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது, சொல்கிறேன்.

நுண்ணுயிர்கள் சுறுசுறுப்பாகச் செரிக்கும்போது சூடு பிறக்கிறது. பெரிய குவியலில் அது 55 பாகை செல்சியசைத் தாண்டும். சில நாட்கள் அந்தச் சூடு நின்றால் நோய்க்கிருமிகளும் களை விதைகளும் பெரும்பாலும் அழிந்துவிடும். ஆனால் சூடு உள்ளே தங்குவதற்கு ஏறக்குறைய ஒரு கன மீட்டர் பருமன் வேண்டும், அதாவது 1,000 லீட்டர். நம் பெரல் 200 லீட்டர். அடுப்பில் ஏற்றிய பெரிய அண்டா இறக்கின பின்னும் சூடாக இருக்கும், சின்னக் கேத்தல் உடனே ஆறிவிடும். அது மாதிரித்தான் இது. பெரலுக்குள் வெதுவெதுப்பாக இருக்கும், சில நாள் நல்ல சூடும் வரும், நிலைத்து நிற்கும் என்று நம்பக் கூடாது. அதனால் வெளிறல் நோயில் கருகிய உருளைக்கிழங்குச் செடி, வாடல் வந்த தக்காளி, வேர் வீங்கிய கோவா, விதை முற்றிய களை எல்லாம் பெரலுக்கு வெளியே இருக்கட்டும். கோவா வேர் வீங்கும் நோயின் வித்துகள் மண்ணில் பல வருடம் உயிரோடு கிடக்கும். அதை எருவோடு எல்லாப் பாத்திக்கும் பரப்பிவிட்டால் திரும்பப் பொறுக்க முடியாது.

ஈரத்துக்கு எங்கள் அம்மா சொன்ன அளவுகோலைவிட நல்லது எனக்குத் தெரியாது: புட்டு மா பதம். ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிடியுங்கள். பிடித்தால் பிடிபட வேண்டும், தட்டினால் உதிர வேண்டும், உள்ளங்கை நனைந்திருக்க வேண்டும். தண்ணீர் ஒழுகினால் அதிகம், பிடிபடாமல் கொட்டினால் குறைவு. நூற்றுக்கு 50 முதல் 60 வரை ஈரம் என்று புத்தகங்கள் சொல்வது இந்தப் பதத்தைத்தான்.

எந்தப் பெரல்?

கடையில் பலவிதம் இருக்கும். பந்து மாதிரி நிலத்தில் உருட்டும் வகையை நம் பக்கத்துக்கு வாங்கவே வேண்டாம். சரிவில் கை நழுவினால் அது கீழ் லயத்தில்தான் போய் நிற்கும், நடுவில் பிள்ளைகள் விளையாடுவார்கள். குழாய் அச்சில் மாட்டி, காலில் நிற்பதுதான் நமக்கு ஏற்றது.

கொள்ளளவைப் பார்க்கும்போது எடையையும் நினைத்துப் பாருங்கள். 200 லீட்டர் பெரலில் மூன்றில் இரண்டு பங்கு, 130 லீட்டர் அளவு, ஈர எரு இருந்தால் 65 முதல் 80 கிலோ வரை வரும். அதுவும் நடுவில் இருக்காது, கீழே ஒரு பக்கமாகக் கிடக்கும். ஒவ்வொரு சுற்றிலும் அந்தப் பாரத்தைத் தூக்கி மறுபக்கம் போட வேண்டும். வீட்டில் சுற்றப்போவது வயதானவர் என்றால் 100 லீட்டர் போதும். செங்குத்தாக நின்று தலைகீழாகப் புரளும் வகை இன்னும் கஷ்டம். படுத்த வாக்கில் உருளும் வகையே தோளுக்கு நல்லது.

உள்ளே கையை விட்டுப் பாருங்கள். சுவரில் பட்டையோ கட்டையோ நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். வழுவழுப்பான பெரலில் குப்பை கீழேயே வழுக்கிக்கொண்டு நிற்கும், பெரல் மட்டும் சுற்றும். கதவு கையும் சிறு மண்வெட்டியும் நுழையும் அகலமா, பெரலைச் சுற்றும்போது தானாகத் திறக்காத தாழ்ப்பாளா என்றும் பாருங்கள். காற்றுத் துளைகள் பக்கச் சுவர்களில் வேண்டும், ஈ நுழையாமல் வலை இருந்தால் இன்னும் நல்லது. கடும் நிறம் வெயில் சூட்டை நன்றாக வாங்கும். நுவரெலியா மாதிரி 1,868 மீட்டர் உயரத்தில், வருடச் சராசரியே 16 பாகை அளவில் இருக்கும் ஊரில் கறுப்புப் பெரல் என்றால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம்.

எல்லாவற்றையும்விட முக்கியம், உள்ளே இரண்டு அறைகள் இருக்கிறதா என்பது. ஏன் என்பதை அடுத்த பகுதியில் சொல்கிறேன். ஒரே அறை உள்ளதுதான் கிடைத்தது என்றால் கவலை இல்லை, பக்கத்தில் மூடியுள்ள இன்னொரு பழைய பெரல் அல்லது இரண்டு உரச் சாக்கு இருந்தால் போதும்.

கையால் செய்வதும் முடியாத காரியம் இல்லை. என்னுடையதற்கு அடுத்ததை மச்சான் பண்டாரவளையில் தானே செய்தார். மூடியுள்ள 200 லீட்டர் பிளாஸ்டிக் பெரல், அதன் இரு முனைகளையும் துளைத்து நடுவே ஓடும் இரண்டு அங்குல இரும்புக் குழாய், வெல்டிங் கடையில் செய்த இரண்டு கால், உள்ளே போல்ட் போட்ட மூன்று மரச் சட்டம், பக்கங்களில் அரை அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைந்த துளைகள். ஆனால் பழைய பெரலை வாங்கும்போது அதில் முன்பு என்ன இருந்தது என்று கட்டாயம் கேளுங்கள். வினாகிரியோ பழச்சாறோ இருந்தது என்றால் சரி. பூச்சிமருந்து, களைகொல்லி, தொழிற்சாலை இரசாயனம் இருந்த பெரலை எத்தனை முறை கழுவினாலும் சாப்பாட்டுச் செடிக்குப் போகும் எருவுக்கு அது வேண்டாம். விற்பவருக்குப் பதில் தெரியவில்லை என்றால் அந்தப் பெரலை விட்டுவிடுங்கள்.

வைக்கும் இடம் மட்டமாக, கெட்டியாக இருக்க வேண்டும். மழையில் மண் இளகும்போது ஒரு கால் மட்டும் புதைந்தால் பெரல் சாயும். என் பெரலின் இடது கால் ஒரு ஜூலை மாதம் அப்படித்தான் இறங்கியது. இப்போது நாலு காலுக்கும் கீழே தட்டைக் கல் இருக்கிறது. காலை வெயில் விழும் பக்கம் பார்த்து வையுங்கள், நம் ஊரில் மதியத்துக்குப் பிறகு மூட்டம்தான். மேலே ஒரு தகரம் போட்டால் மழைக்காலத்தில் பெரிய உதவி. பெரலின் மூடி, கீழே வைக்கும் தட்டு எதிலும் தண்ணீர் தேங்க விடாதீர்கள், அது டெங்கு நுளம்புக்குத் தொட்டிலாகிவிடும்.

நிரப்புவதும் நிறுத்துவதும்

உலை கொதிக்கிறது, அரிசி பாதி வெந்திருக்கிறது. அதில் ஒரு கைப்பிடி பச்சை அரிசி போடுகிறீர்கள். கொஞ்ச நேரத்தில் இன்னொரு கைப்பிடி. இப்படியே போட்டுக்கொண்டிருந்தால் அந்தச் சோற்றை எப்போது இறக்குவது? பெரல் வாங்கிய பலர் தோற்றுப்போவது இந்த ஒரே காரணத்தால். தினமும் புதுக் கழிவைப் போட்டு, தினமும் சுற்றி, எப்போதும் பாதி வெந்த குப்பையையே வைத்திருக்கிறார்கள். குழியில் இந்தப் பிரச்சினை இல்லை, பழையது அடியிலும் புதியது மேலேயும் தனித்தனியாக இருக்கும். பெரலில் ஒவ்வொரு சுற்றும் இரண்டையும் கலந்துவிடுகிறது.

அதனால்தான் இரண்டு அறை. ஒன்றில் போடுங்கள். அது மூன்றில் இரண்டு பங்கு நிறைந்ததும் நிறுத்துங்கள். மேலே ஒரு பங்கு வெறுமையாக இருந்தால்தான் குப்பை புரளும். முழுக்க நிரப்பினால் பெரல் சுற்றும், உள்ளே ஒன்றும் அசையாது. நிறுத்திய பிறகு அந்த அறைக்கு எதுவும் கிடையாது, சுற்றுவது மட்டும்தான். புதுக் கழிவு இரண்டாவது அறைக்கு. அது நிறையும் வரை முதலாவது தொந்தரவில்லாமல் வெந்துகொண்டிருக்கும். எங்கள் வீட்டில் நாலு பேர், ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு கிலோ குசினிக் கழிவு. சருகோடு சேர்த்து 200 லீட்டர் பெரலின் ஒரு சுற்று நிரம்ப ஐந்து, ஆறு வாரம் எடுக்கிறது. நிறுத்திய பிறகு இன்னும் ஏழெட்டு வாரம்.

தொடங்கும்போது அடியில் ஒரு கை உயரத்துக்குச் சருகு போட்டு, அதோடு பழைய எருவோ தோட்ட மண்ணோ இரண்டு கைப்பிடி சேருங்கள். பெரல் நிலத்தில் படாததால் மண்ணிலிருந்து நுண்ணுயிர்கள் தாமாக ஏறி வராது, நாம்தான் உறை ஊற்ற வேண்டும். மண்புழுவைப் போடாதீர்கள். சூட்டிலும் புரட்டலிலும் அது சாகும். கழிவைச் சிறிதாக நறுக்கிப் போடுவது நல்லது, கோவாத் தண்டு, சோளப் பொத்தி மாதிரியானவற்றை அவசியம் நறுக்குங்கள். ஒவ்வொரு முறையும் பச்சை போட்டவுடன் சருகையும் போட்டு ஒரு சுற்றுச் சுற்றினால் ஈ வராது.

சரி, எத்தனை தரம் சுற்றுவது? இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை, ஐந்தாறு சுற்று. அதற்கு மேல் வேண்டாம். அடிக்கடி சுற்றினால் சேர்த்து வைத்த சூடு போய்விடும், ஈரமான குப்பை கொழுக்கட்டை மாதிரி உருண்டை உருண்டையாகத் திரளும். அக்காவின் கேள்விக்கு நேர்ப் பதில் இதுதான்.

நாற்றம் வந்தால், சூடு போனால்

மூக்குத்தான் இதில் நல்ல கருவி. கூமுட்டை நாற்றம் வந்தால் தண்ணீர் அதிகம், காற்று இல்லை. கிழித்த காட்போட், சருகு போட்டு, வெயில் உள்ள நேரம் கதவைத் திறந்து வையுங்கள். கண்ணைக் கரிக்கும் அமோனியா நெடி என்றால் கறி அதிகம், சோற்றைக் கூட்டுங்கள். உருண்டை திரண்டிருந்தால் கையுறை போட்டு உடைத்துவிட்டுக் காய்ந்தது சேருங்கள். ஒரு நாற்றமும் இல்லை, ஒரு மாற்றமும் இல்லை என்றால் பெரும்பாலும் காய்ந்து கிடக்கிறது, அல்லது பச்சை போதவில்லை.

ஊருக்கு ஊர் இது மாறும். ஊவாவில், பண்டாரவளையில் இருக்கும் மச்சானின் பெரலுக்கு ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தண்ணீர் போதாததுதான் பிரச்சினை. ஊவாத் தேயிலைக்கு அந்த மணத்தைக் கொடுக்கும் அதே வறண்ட காற்று, துளை வழியாகப் பெரலையும் உலர்த்திவிடும். அவர் அரிசி கழுவிய தண்ணீரைத் தெளிக்கிறார். அதே மாதங்களில் டிக்கோயாவில் நான் சருகைக் காப்பாற்றப் பாடுபடுகிறேன். பெப்ரவரி, மார்ச் வெயிலில் சருகைக் கூட்டிச் சாக்கில் கட்டிக் கூரைக்குக் கீழே வைத்துவிடுவேன். ஆறு சாக்கு இல்லாமல் மழைக்காலத்துக்குள் போக எனக்குத் துணிவு இல்லை. நுவரெலியாவில் தங்கச்சி வீட்டில் ஜனவரிப் பனியில் எல்லாமே மெதுவாகும். புல் வெள்ளையாக உறையும் இரவுகளில் நுண்ணுயிர்கள் ஏறக்குறைய தூங்கிவிடும், சாகாது. அவள் பெரலைச் சணல் சாக்கால் போர்த்தி, பகலில் எடுத்துவிடுகிறாள். எனக்கு மூன்று மாதம் என்றால் அவளுக்கு நாலரை மாதம். அதில் அவசரப்பட ஒன்றும் இல்லை.

கீழே சொட்டும் கறுப்புத் தண்ணீரைச் சிலர் டொனிக் மாதிரி எல்லாச் செடிக்கும் ஊற்றுகிறார்கள். அது முழுதாக உக்காத குப்பையின் கசிவு, கிருமிகள் இருக்கலாம். பத்து மடங்கு தண்ணீர் கலந்து பூச்செடிகளின் அடியில் ஊற்றுங்கள். சலாது இலை, வல்லாரை மாதிரிப் பச்சையாகச் சாப்பிடுவதற்கு வேண்டாம். நிறையச் சொட்டுகிறது என்றால் பெரல் நனைந்துபோயிருக்கிறது என்று அர்த்தம்.

எடுப்பதும் போடுவதும்

உக்கிய எருவில் போட்ட பொருளை அடையாளம் காண முடியாது, முட்டை ஓடு மட்டும் அங்கங்கே தெரியலாம். கறுப்பாக, பொலபொலவென்று, முதல் மழை விழுந்த மண்ணின் வாசனையோடு இருக்கும். அந்த வாசனை ஜியோஸ்மின் என்ற பொருளுடையது, எரு முதிரும்போது பெருகும் ஒருவகைப் பற்றீரியாக்கள் அதை உண்டாக்குகின்றன. போட்டதில் பாதி, சில சமயம் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். குறைந்துவிட்டதே என்று முதல் தடவை எல்லோருக்கும் ஏமாற்றமாக இருக்கும். காபன் காற்றாகப் போயிருக்கிறது, அது இயல்பு.

பெரலிலிருந்து எடுத்த உடனே செடிக்குப் போடாதீர்கள். காற்றுப் புகும் சாக்கில் மூன்று, நாலு வாரம் நிழலில் வையுங்கள். பிறகு ஒரு பரிசோதனை: ஒரு சிரட்டையில் எருவை நிரப்பிப் பத்து ராபு (முள்ளங்கி) விதை போட்டுத் தண்ணீர் தெளியுங்கள். ராபு ஐந்து நாளுக்குள் முளைக்கும். எட்டு ஒன்பது முளைத்துப் பச்சையாக நின்றால் எரு தயார். முளைக்காமலோ நுனி கருகியோ இருந்தால் சாக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கட்டும்.

நாற்று மேடைக்கு மூன்றில் ஒரு பங்கு எரு, மீதி மண்ணும் மணலும். பாத்திக்கு ஒரு சதுர மீட்டருக்கு இரண்டு மூன்று கிலோ. சரிவில் மேலே தூவி விட்டால் ஒரு மழையில் கீழ் வீட்டுக்குப் போய்விடும். லீக்ஸ் நடும் சாலுக்குள் போட்டு மண் அணையுங்கள், ரோசாவுக்கு அடியைச் சுற்றி மேல்பக்கமாக அரை வட்டம் கிண்டிப் போட்டு மூடுங்கள்.

எருவிடம் எதை எதிர்பார்க்கலாம் என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு நவம்பரில் அந்தத் தடை விலக்கப்பட்டது. அந்த மாதங்களில் நம் தோட்டக்காரர்கள் பட்ட பாடு மறக்கக் கூடியதல்ல. யூரியாவுக்குப் பதில் எருவைப் போட்டால் சரி என்று அன்று பலர் பேசினார்கள். யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன். வீட்டுக் கூட்டெருவில் காய்ந்த எடைக்கு ஒன்று, இரண்டு பங்குதான். ஒரு கிலோ யூரியாவின் நைதரசனுக்கு முப்பது கிலோ காய்ந்த எரு வேண்டும், அதுவும் ஒரே போகத்தில் முழுதாகக் கிடைக்காது. ஏக்கர் கணக்கில் உருளைக்கிழங்கு போடுபவருக்குப் பெரல் பதில் இல்லை. எரு செய்வது வேறு வேலை: மண்ணைப் பொலபொலப்பாக்கும், பெய்த மழையைப் பிடித்து வைக்கும், போட்ட பசளையைக் கழுவிப்போக விடாது. ஒரு வீட்டுத்தோட்டத்தில் அந்த வித்தியாசம் இரண்டாவது வருடம் மண்வெட்டி இறங்கும் விதத்திலேயே தெரியும். எங்கள் பின்வாசல் பாத்தியில் முன்பு கல் மாதிரி இருந்த செம்மண்ணில் இப்போது கரட் நேராக இறங்குகிறது.

எருவைச் சலித்தபின் சல்லடையில் தங்கும் கட்டையான துண்டுகளை எறிந்துவிடாதீர்கள். பாதி உக்கிய அந்தத் துண்டுகளில் நுண்ணுயிர்கள் நிறைந்திருக்கும். அவற்றை ஒரு சின்ன வாளியில் எடுத்து வையுங்கள், அடுத்த சுற்றைத் தொடங்கும்போது அடிச் சருகோடு சேர்க்க அதுவே உறை. அக்காவுக்கும் போன வாரம் அதில் ஒரு வாளிதான் கொடுத்தேன். அவருடைய பெரலுக்கு வெல்டிங் கடையில் கால் தயாராகிக்கொண்டிருக்கிறது.